தொங்காவில் அத்தைதான் பெரியவர்: ஃபஹு முறைக்கு ஓர் எளிய அறிமுகம்

பசிபிக் தீவு நாடான தொங்காவைப் பற்றித் தேடினால் இரண்டு விதமான பேச்சு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். 'அங்கே பெண்கள் ராஜ்ஜியம், தங்கை சொன்னால் அண்ணன் கேட்டாக வேண்டும்' என்பது ஒன்று. 'மன்னர், பிரபுக்கள், குடிமக்கள் என்று மேலிருந்து கீழே இறுகிக் கிடக்கும் சமூகம்' என்பது இன்னொன்று. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, ஒரே நாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று சந்தேகம் வந்துவிடும்.

இந்தக் குழப்பத்தின் நடுவில் இருப்பது ஃபஹு என்ற ஏற்பாடு, அதாவது சகோதரன் குடும்பத்தின் மேல் சகோதரி வழிக்கு இருக்கிற உயர்ந்த உரிமை. தொங்காவில் ஒரு கல்யாணமோ சாவோ பிறந்தநாளோ ஃபஹு இல்லாமல் நடப்பதில்லை. பொறுமையாக ஒரு முறை புரிந்துகொண்டால் அந்த மக்களின் குடும்பம், அரச வரலாறு, பேச்சுமொழி எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வருவதைப் பார்க்கலாம். முன்னறிவு எதுவும் தேவையில்லை.

எங்கே இருக்கிறது தொங்கா

நியூசிலாந்துக்கு வடகிழக்கிலும் ஃபிஜிக்குக் கிழக்கிலும் சிதறிக் கிடக்கும் ஏறத்தாழ 170 தீவுகள்தான் தொங்கா. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஆள் குடியிருப்பு இல்லை. மொத்த மக்கள்தொகை சுமார் 1 லட்சம். பத்தில் ஏழு பேர் தொங்கதாபு என்ற பெரிய தீவில் வசிக்கிறார்கள். தலைநகர் நூக்குஅலோஃபாவும் அங்கேதான். மக்கள் அங்கே குடியேறி ஏறத்தாழ 2,800 ஆண்டுகள் ஆகின்றன. பாலினேசியத் தீவுகளிலேயே மிகப் பழைய குடியேற்றங்களில் ஒன்று அது.

1900 முதல் 1970 வரை பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தது என்றாலும், தொங்கா தன் மன்னரை ஒருநாளும் இழக்கவில்லை. சுற்றியிருந்த தீவுகள் ஒவ்வொன்றாக ஐரோப்பியரின் நேரடி ஆட்சிக்குள் போனபோதும் இங்கே அரச குடும்பம் தொடர்ந்தது. பழைய உறவுமுறை இவ்வளவு உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

தாய்மாமன் சீரிலிருந்து தொடங்கலாம்

நம் ஊர்க் காதுகுத்தை எடுத்துக்கொள்வோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். அவர் சீர் கொண்டு வர வேண்டும். சகோதரி பிள்ளைக்குச் செய்ய வேண்டியது அவர் கடமை. அதைச் செய்வதில் அவருக்குப் பெருமையும் உண்டு, சபையில் அவருக்கென்று ஓர் இடமும் உண்டு.

தொங்காவிலும் தாய்மாமன் செய்ய வேண்டியவர்தான். சகோதரி பிள்ளைக்குப் பன்றியும் கிழங்கும் கொடுப்பார், பணம் கொடுப்பார், ஓடியாடி வேலை செய்வார். இதுவரை நமக்குப் பழகிய காட்சி. மாறுவது இதற்கு அப்புறம்தான். நம் ஊரில் செய்கிற மாமன் பெரியவர், வாங்குகிற பிள்ளை சின்னவர். தொங்காவில் வாங்குகிற பிள்ளைதான் பெரியவர். அந்தப் பிள்ளைக்கு மூன்று வயது, மாமனுக்கு அறுபது வயது என்றாலும் அப்படித்தான். நம் சபையில் மாமனுக்குக் கிடைக்கிற முதல் மரியாதை அங்கே அத்தைக்குப் போகிறது, அதாவது அப்பாவின் சகோதரிக்கு.

நம் நினைப்பை அங்கே கொண்டுபோகக் கூடாத இடம் இன்னொன்றும் உண்டு. அத்தை மகன், மாமன் மகள் என்றதும் நமக்குக் கல்யாண முறை ஞாபகத்துக்கு வரும். தொங்காவில் அவர்கள் அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் கல்யாணம் என்ற பேச்சே சாதாரணக் குடும்பங்களில் எழாது. உயர்குலத் தலைவர்கள் மட்டும் தங்கள் பரம்பரையின் தகுதியைக் காக்க அப்படி மணந்துகொண்டதுண்டு.

மூன்று விதிகள்

யார் யாருக்கு மேல் என்று முடிவு செய்ய தொங்கா மக்களிடம் மூன்று விதிகள் இருக்கின்றன.

முதல் விதி: சகோதரி சகோதரனுக்கு மேல். இதில் வயது பார்ப்பதில்லை. கடைசித் தங்கையும் மூத்த அண்ணனுக்கு மேல்தான்.

இரண்டாவது விதி: ஆண்களுக்குள்ளும் பெண்களுக்குள்ளும் மூத்தவர் இளையவருக்கு மேல். அண்ணன் தம்பிக்கு மேல், அக்கா தங்கைக்கு மேல்.

மூன்றாவது விதி: அப்பா வழிச் சொந்தம் பிள்ளைக்கு மேல், அம்மா வழிச் சொந்தம் பிள்ளைக்குக் கீழ்.

முதல் விதியையும் மூன்றாவது விதியையும் சேர்த்துப் பாருங்கள். அப்பா பிள்ளைக்கு மேல், அப்பாவுக்கும் மேல் அவருடைய சகோதரி. அப்படியானால் பிள்ளையின் கண்ணுக்கு உறவிலேயே உயரமான ஆள் அத்தைதான். அவரை மெஹெகிதங்கா என்று அழைப்பார்கள். சகோதரன் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமை பெரும்பாலும் அவருக்குத்தான். அவர் மனம் நொந்து ஏதாவது சொல்லிவிட்டால் பிள்ளைப்பேறே தடைபடும் என்று பழைய நாளில் அஞ்சினார்கள்.

உயர்ந்த நிலையை எய்கி என்றும் தாழ்ந்த நிலையை துஆ என்றும் சொல்வார்கள். இதை ஒருவருடைய நிரந்தர முத்திரையாக எடுத்துக்கொள்வதுதான் வெளியார் செய்கிற பெரிய தவறு. ஒருவர் தன் அம்மா வீட்டாருக்கு எய்கி, அதே நாளில் தன் அப்பா வீட்டாருக்கு துஆ. யார் எதிரே நிற்கிறார் என்பதைப் பொறுத்து நிலை மாறிக்கொண்டே இருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், சகோதரி சகோதரனுக்கு மேல், ஒரே பாலில் மூத்தவர் மேல், அப்பா வழி மேல். உயரமும் தாழ்வும் ஆளோடு ஒட்டிப் பிறப்பதில்லை, இருவருக்கிடையிலான உறவில் இருக்கிறது.

சியோனே வீட்டில் யார் பெரியவர்

ஒரு கற்பனைக் குடும்பத்தில் இதைப் பொருத்திப் பார்ப்போம். சியோனே மூத்தவர். அவருக்கு மெலே என்றொரு தங்கை. சியோனேவின் மகள் ஆனா. மெலேவின் மகன் விலியாமி. சியோனேவின் மனைவிக்கு தெவிதா என்றொரு சகோதரர் இருக்கிறார்.

சியோனேவுக்கு மேல் மெலே. அதனால் மெலேவின் மகன் விலியாமி, மாமன் சியோனேவுக்கும் மாமன் மகள் ஆனாவுக்கும் மேல். இப்படி மாமன் குடும்பத்தின் மேல் சகோதரியின் பிள்ளைக்கு இருக்கிற உயர்ந்த உரிமை நிலைக்குத்தான் ஃபஹு என்று பெயர். ஒரு சடங்கில் அந்த உரிமையோடு உட்காருகிற ஆளையும் ஃபஹு என்றே அழைப்பார்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் அத்தையோ அத்தையின் மகளோ மகனோ இருப்பார்கள்.

அப்போ ஆனா பாவம், எப்போதும் கீழேதானா? இல்லை. ஆனாவின் அம்மா, தெவிதாவுக்குச் சகோதரி. ஆகவே தெவிதாவுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் ஆனாதான் ஃபஹு. தன் வீட்டு விசேஷத்தில் அத்தைக்கு எதிரே பணிந்து உட்கார்ந்த ஆனா, அடுத்த வாரம் தெவிதா வீட்டு விசேஷத்தில் எல்லாருக்கும் மேலே உட்காரலாம்.

மெலேவின் நிலையையும் பாருங்கள். அண்ணன் வீட்டில் அவர் சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பு. கணவன் வீட்டுக்குப் போனால் அங்கே கணவனின் சகோதரி இருக்கிறார். அந்த நாத்தனாருக்கு எதிரே மெலே துஆ. இந்த ஓர் உதாரணம் போதும், 'பெண்கள் ராஜ்ஜியம்' என்ற பேச்சு எங்கே வழுக்குகிறது என்று காட்ட. உயர்ந்த இடம் சகோதரிக்கும் அவர் பிள்ளைகளுக்கும் உரியது. மனைவி என்ற முறையில் அது யாருக்கும் கிடைப்பதில்லை.

சகோதரியை உயர்த்தி வைப்பதோடு ஒரு விலகலும் சேர்ந்து வருகிறது. பருவம் வந்த அண்ணன் தங்கைகள் ஒரே கூரையின் கீழ் தூங்குவது பழைய வழக்கத்தில் இல்லை. பையன்கள் தனிக் குடிசையில் படுத்துக்கொள்வார்கள். அண்ணன் தங்கை இருவரும் இருக்கிற கூட்டத்தில் யாரும் கொச்சையாகக் கேலி பேச மாட்டார்கள். காதல் காட்சி வருகிற படத்தைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். பெரியப்பா, மாமா பிள்ளைகளும் அண்ணன் தங்கைதான் என்பதால், ஒரு ஊர்க்கூட்டத்தில் யார் யாருக்கு என்ன முறை என்று தெரியாமல் வாய் திறப்பது சிரமம்.

கல்யாணத்திலும் சாவிலும் ஃபஹு

ஃபஹு என்ன செய்வார்? உட்கார்ந்திருப்பார், வாங்கிக்கொள்வார். எளிதாகத் தோன்றும் இந்த இரண்டில்தான் எல்லாம் இருக்கிறது.

தொங்காவில் செல்வம் என்றதும் பணத்துக்கு முன் நினைவுக்கு வருவது பெண்கள் கையால் செய்யும் பொருட்கள். நுணுக்கமாகப் பின்னிய பாய்கள், மரப்பட்டைத் துணி, வாசனை எண்ணெய். இவற்றுக்குப் பொதுப்பெயர் கோலோவா. மரப்பட்டைத் துணியைச் செய்ய, ஒருவகை மல்பெரி மரத்தின் உட்பட்டையை உரித்து, மரக்கட்டையால் அடித்து அடித்து மெல்லியதாக்கி, துண்டு துண்டாக ஒட்டி, பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து சாயம் தீட்டுவார்கள். பெரியவை 20 மீட்டர் நீளத்தைத் தாண்டும். பாய்கள் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கப்படுகின்றன. அரச குடும்பத்துப் பழைய பாய்கள் சிலவற்றுக்குத் தனிப்பெயரும் வரலாறும் உண்டு. ஆண்களின் பங்கு வள்ளிக்கிழங்கு, பன்றி, காவா வேர். சபைகளில் கரைத்துக் குடிக்கும் காவா பானம் அந்த வேரிலிருந்து வருவது.

ஒரு கல்யாணத்தில் இந்தப் பாய்களும் துணிகளும் சபை நடுவே குவியும். அவற்றில் சிறந்தது ஃபஹுவுக்கு. முதல் பிறந்தநாளிலும் 21-ஆம் பிறந்தநாளிலும் இதே வரிசைதான். அடுக்குக் கேக் வெட்டினால் மேலடுக்கு ஃபஹு வீட்டுக்குப் போவதுண்டு.

சாவு வீட்டில் இந்த ஒழுங்கு இன்னும் தெளிவாகத் தெரியும். இறந்தவரின் தலைமாட்டில் ஃபஹு உட்கார்ந்திருப்பார். துக்கத்துக்கு வருகிற கோலோவாவில் உயர்ந்ததை அவர் பெறுவார். பின்பக்கம், மண்ணைத் தோண்டிக் கல்லைச் சூடாக்கி மூடிச் சமைக்கிற குழியடுப்பருகே இன்னொரு கூட்டம் புகையில் வேலை செய்துகொண்டிருக்கும். அவர்கள் இறந்தவருக்கு துஆ முறையில் இருப்பவர்கள். துக்க நாளில் அவர்களுக்கு லியோங்கி என்று பெயர். உடல் கிடத்தியிருக்கிற இடத்துக்கு அவர்கள் வருவதில்லை என்பது பழைய முறை.

இடுப்பில் கட்டும் பாயைத் தாஓவாலா என்பார்கள். தொங்கா மக்களின் மரியாதை உடை அது. சாவு வீட்டில் லியோங்கிகள் பெரிய, முரடான, கிழிந்து நைந்த பாயைச் சுற்றியிருப்பார்கள். சிலருக்கு அது தலைக்கு மேலேகூட எழுந்து நிற்கும். பெண்கள் முடியை அவிழ்த்து விட்டிருப்பார்கள். ஃபஹு பக்கத்தார் நேர்த்தியான நல்ல பாய் கட்டியிருப்பார்கள். வாசலில் நிற்கிற புதியவர் ஒருவர், யாரிடமும் கேட்காமலேயே, வந்திருப்பவர்கள் இறந்தவருக்கு எந்தப் பக்கத்துச் சொந்தம் என்று பாயைப் பார்த்தே சொல்லிவிடலாம். துக்க உடையில் இவ்வளவு நுணுக்கமாக உறவைச் சொல்லும் வழக்கம் எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை.

இதைக் கேட்டதும், 'ஒருத்தர் உட்கார்ந்தே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறாரே' என்று தோன்றும். வெளியார் எழுதியவற்றில் இந்தக் குற்றச்சாட்டு நிறைய உண்டு. ஆனால் இன்று வாங்கிய மெலே, நாளை தன் கணவனின் அக்கா முன்னால் பாய் விரித்தாக வேண்டும். கிடைத்த பாய்கள் அவர் வீட்டில் நெடுநாள் தங்குவதில்லை. அடுத்த கல்யாணத்துக்கோ அடுத்த சாவுக்கோ இன்னொரு குடும்பத்துக்கு நகர்ந்துவிடும். வாங்கியதைப் பகிராமல் பதுக்குகிற ஃபஹுவை ஊர் நல்ல வார்த்தை சொல்லாது.

ஆக, ஃபஹு என்பவர் சடங்கின் மரியாதை மையம். அவரைச் சுற்றித்தான் பொருள் குடும்பங்களுக்கிடையே ஓடிக்கொண்டிருக்கிறது.

மரியாதை வேறு, அதிகாரம் வேறு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துப் போவீர்களானால் இந்தப் பகுதியைத்தான் எடுத்துப் போக வேண்டும். தொங்காவில் உயர்வு ஓர் இழையாகவும் ஆளும் உரிமை வேறோர் இழையாகவும் ஓடுகின்றன. ஆளும் உரிமைக்கு பூலே என்று பெயர். உயர்வு பெண் வழியாக வருகிறது. பூலே ஆண் வழியாகப் போகிறது. பட்டம், நிலம், வீட்டு நிர்வாகம் எல்லாம் அப்பாவிடமிருந்து மூத்த மகனுக்கு.

நிலத்தில் இது பளிச்சென்று தெரியும். நவீன தொங்காவை உருவாக்கிய மன்னர் முதலாம் ஜார்ஜ் துபோ. தலைவர்களின் பிடியிலிருந்து குடிமக்களை விடுவித்து 1862-இல் ஆணையிட்டவர் அவர். 1875-இல் அரசியல் சட்டம் கொண்டுவந்தார். நிலத்தை விற்கவே கூடாது என்று அதில் எழுதி வைத்தார். தீவுகளை ஐரோப்பியர் விலைக்கு வாங்கிவிடாமல் காத்த பெரிய முடிவு அது. பின்னால் வந்த சட்டங்களின்படி, 16 வயது நிரம்பிய ஒவ்வொரு தொங்கா ஆணும் ஒரு விவசாய நிலத்துக்கும் ஒரு வீட்டு மனைக்கும் உரிமை கோரலாம். விவசாய நிலத்தின் அளவு எட்டேகால் ஏக்கர். எல்லாருக்கும் கொடுக்க இன்று நிலம் போதவில்லை என்பது வேறு விஷயம். பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. கணவன் இறந்தால், மறுமணம் செய்துகொள்ளாதவரை விதவை தன் ஆயுள்வரை அந்த நிலத்தை அனுபவிக்கலாம். அண்ணனுக்கு மேலே உட்காருகிற தங்கைக்கு, அண்ணனுக்குக் கிடைக்கிற எட்டேகால் ஏக்கர் கிடையாது.

நாடாளுமன்றத்திலும் இதே கதை. 2010-இல் வந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர்கள் 17 பேர், பிரபுக்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பவர்கள் 9 பேர். 2021 பொதுத்தேர்தலில் ஒரு பெண்கூட வெற்றி பெறவில்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை ஏற்கப்போவதாக 2015-இல் அரசு அறிவித்தபோது எதிர்ப்பு ஊர்வலங்கள் நடந்தன. அரசு பின்வாங்கியது. 'எங்கள் பெண்கள் ஏற்கெனவே உயர்ந்த இடத்தில்தானே இருக்கிறார்கள்' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த உயர்வை வைத்துக்கொண்டு நிலமோ நாடாளுமன்ற இருக்கையோ வாங்க முடியாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் தொங்காவைப் புகழ்வதும் பழிப்பதும் நியாயமில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

மன்னருக்கும் மேலே

இந்த விதிகள் அரண்மனை வாசலில் நின்றுவிடுவதில்லை. பழைய காலத்தில் தொங்காவின் மிக உயர்ந்த மன்னர் பட்டம் துயி தொங்கா. அந்தப் பரம்பரை சுமார் 10-ஆம் நூற்றாண்டிலிருந்து வருவதாகச் சொல்வார்கள். முதல் விதிப்படி அந்த மன்னருக்கும் மேல் அவருடைய சகோதரி. அந்தச் சகோதரியின் மகளுக்கு தமஹா என்று பட்டம். நாட்டிலேயே உயர்ந்த மனுஷி அவர்தான். மன்னரே அவர் பாதத்தைத் தொட்டு வணங்குவார். 1777-இல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் தொங்காவில் இரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தார். பௌலாஹோ என்ற துயி தொங்காவைச் சந்தித்து, இவர்தான் எல்லாருக்கும் மேல் என்று எண்ணினார். அவருக்கும் மேலே, அவர் பணிந்தாக வேண்டிய சொந்தங்கள் இருப்பதைக் கண்டு வியந்து எழுதி வைத்தார். நாடாளும் ஒருவர் யாருக்கோ பணிகிறார் என்றால் அவர் மன்னரே இல்லையோ என்ற ஐரோப்பியக் குழப்பம் அப்போதே தொடங்கிவிட்டது.

யோசித்துப் பார்த்தால் அரசருக்கு இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சகோதரி உள்ளூரிலேயே ஒரு பலமான தலைவனை மணந்தால், அவர்கள் பிள்ளை மன்னரின் வாரிசுக்கு ஃபஹு ஆகிவிடும். பின்னால் பலமான தந்தை, உறவில் உயர்ந்த பிள்ளை. ஆட்சிக்குப் போட்டி வர இதைவிட என்ன வேண்டும்? அதற்கு அவர்கள் கண்ட வழி, சகோதரியை ஃபிஜியிலிருந்து வந்த தலைவரின் பரம்பரைக்குக் கட்டிக்கொடுப்பது. 17-ஆம் நூற்றாண்டில் மன்னரின் சகோதரி ஒருவர் ஃபிஜியின் லகெம்பா தீவைச் சேர்ந்த தலைவர் ஒருவரை மணந்தார். அந்தப் பரம்பரை தொங்காவிலேயே நிலைத்தது. பிள்ளைகளுக்கு அம்மா வழியில் உச்ச மரியாதை. அப்பா வேற்றூர்க்காரர் என்பதால் ஆட்சியில் பங்கு கேட்க முடியாது. உயர்வையும் அதிகாரத்தையும் இப்படிக் கத்தரித்து வைத்த அரசியல் மதிநுட்பத்தை நான் மிகவும் ரசிக்கிறேன்.

அம்மாவின் குலம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நவீன கால உதாரணமும் இருக்கிறது. 1899-இல் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் துபோ, தலைவர்கள் விரும்பிய பெண்ணை விட்டுவிட்டு, குலத்தில் அவரைவிடக் குறைந்தவர் என்று அவர்கள் கருதிய லவினியாவை மணந்தார். நாடே இரண்டுபட்டது. பிறக்கிற பிள்ளையின் உயர்வு அம்மா வழியாகத்தானே வரும் என்பதுதான் அவர்கள் கோபம். 1900-இல் பிறந்த மகள்தான் பின்னாளில் ராணி சலோட்டே. அவர் 1917-இல் மணந்துகொண்ட துங்கி, பழைய அரச பரம்பரைகளில் ஒன்றைச் சேர்ந்தவர். அந்தக் கல்யாணம் பழைய விரிசலை ஆற்ற உதவியது. 1918-இல் 18 வயதில் பட்டத்துக்கு வந்த சலோட்டே 1965 வரை ஆண்டார். 1953-இல் லண்டனில் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு ஊர்வலத்தில், கொட்டும் மழையில் வண்டியின் கூரையை மூடாமல் நனைந்தபடியே கையசைத்துச் சென்றவர் அவர்தான். உலகம் அவரை அந்த மழைக்காக நினைவில் வைத்திருக்கிறது. தொங்கா மக்களுக்கு அவர் பெரிய கவிஞர், பரம்பரைகளை ஒன்று சேர்த்தவர்.

இன்றைய மன்னர் ஆறாம் துபோவுக்கும் ஓர் அக்கா உண்டு, இளவரசி பிலோலெவு. நாட்டை ஆள்வது தம்பி. ஆனால் அந்த முதல் விதி அக்காவைத்தான் உயர்த்தி வைக்கிறது. மன்னரின் பிள்ளைகளுக்கு அவர் மெஹெகிதங்கா.

பேச்சில் மூன்று படிகள்

ஆரம்பத்தில் சொன்ன இரண்டாவது பேச்சு, அதாவது மன்னர், பிரபு, குடிமக்கள் என்ற அடுக்கு, முழுப் பொய் அல்ல. அது உறவுக்கு வெளியே ஓடுகிற தனி ஏணி. பரம்பரைப் பிரபுப் பட்டங்கள் 33 இருக்கின்றன. இந்த ஏணி மொழியிலேயே பதிந்திருக்கிறது. சாதாரண ஆள் சாப்பிடுவதற்கு 'கை' என்ற சொல். பிரபு சாப்பிட்டால் 'இலோ'. மன்னர் சாப்பிட்டால் 'தௌமாஃபா'. இறப்புக்கும் அப்படியே: சாதாரண ஆளுக்கு 'மதே', பிரபுவுக்கு 'பெக்கியா', மன்னருக்கு 'ஹாலா'. போவது, வருவது, தூங்குவது என அன்றாடச் செயல்கள் பலவற்றுக்கு இப்படி வேறு வேறு சொற்கள் உண்டு.

உறவில் எய்கி, துஆ என்று சொன்னோமே, அதே சொற்களைத்தான் இந்த ஏணிக்கும் பயன்படுத்துகிறார்கள். தலைவரும் எய்கி, அத்தையும் எய்கி. புதிதாகப் படிப்பவர் இரண்டு ஏணிகளையும் ஒன்றாக்கிக்கொள்வது இதனால்தான். உறவு ஏணியில் ஒவ்வொருவரும் ஏறியும் இறங்கியும் வருகிறார்கள். பிரபு ஏணியில் அந்த அசைவு கிடையாது.

கடல் கடந்த பிறகு

தொங்கா மக்களில் நாட்டுக்கு வெளியே இருப்பவர்கள்தான் இன்று அதிகம். 2018 கணக்கெடுப்பில் நியூசிலாந்தில் மட்டும் 82,000-க்கு மேற்பட்டோர் தங்களைத் தொங்கா இனத்தவர் என்று பதிந்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும், குறிப்பாக மார்மன் என்ற கிறிஸ்தவத் திருச்சபை வழியாக அவர்கள் போய்ச் சேர்ந்த யூட்டா மாநிலத்திலும் பெரிய சமூகங்கள் இருக்கின்றன. அவர்கள் ஊருக்கு அனுப்பும் பணம், சமீப ஆண்டுகளில் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்குச் சமம். உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று அது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடக்கிற சாவிலும் தலைமாட்டில் ஃபஹு உட்கார்கிறார். மல்பெரி மரம் கைக்கெட்டாத நகரத்தில் பெண்கள் செயற்கைத் துணியில் அதே கோலங்களைத் தீட்டுகிறார்கள். பாய்கள் தொங்காவிலிருந்து வருகின்றன, ஆக்லாந்திலிருந்து பணம் தொங்காவுக்குப் போகிறது. சங்கடமும் கூடவே வந்திருக்கிறது. வாடகை வீடு, வாரச் சம்பளம், அதற்கு நடுவே எதிர்பாராமல் ஒரு சாவு. கடன் வாங்கியாவது கோலோவா சேர்க்க வேண்டியிருக்கிறது. சம்பாதித்ததையெல்லாம் சடங்கே தின்றுவிடுகிறது என்று இளையவர்கள் சிலர் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். பாதியையாவது குறைப்போம் என்கிறார்கள். பெரியவர்களில் பலருக்கு அது வலிக்கிறது, குறைத்தால் குடும்பங்களுக்கிடையே ஓடுகிற அந்த ஓட்டமே நின்றுவிடும் என்ற பயத்தில்.

சில வீடுகளில் இதற்கு ஒரு நடுவழி பிடிபட்டிருக்கிறது. ஃபஹுவை முறைப்படி அழைத்து, உரிய இடத்தில் உட்கார வைத்து, பாய்களை அவர் முன் விரிக்கிறார்கள். அவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைச் சாவுச் செலவால் நொந்திருக்கும் சகோதரன் வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். திருப்பிக் கொடுக்கிற உரிமையும் அவருக்கு மட்டுமே உண்டு. வேறு யாரும் அதைக் கேட்க முடியாது.